மலை வீட்டில் ஃப்ரீ டிஷ்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

கோத்தகிரியில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். பல்பு வாங்க வருகிறவர்கூடச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "அண்ணா, அந்த மாசக் காசு இல்லாத டிஷ் பத்தி ஒண்ணு கேக்கணும்" என்று நின்றுவிடுகிறார். ஒரே பதிலை ஒரே நாளில் நான்கு பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். திசையும் கோணமும் நீலகிரிக்குப் போட்ட கணக்கு. கொடைக்கானல் பக்கம் ஓரிரு டிகிரிதான் மாறும், அதைத் தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

ஃப்ரீ டிஷ்னா என்னண்ணா? நெஜமாவே மாசக் காசு கிடையாதா?

கிடையாது. ஒரு தடவை டிஷ், பெட்டி, கேபிள் வாங்கி மாட்டினால் அதோடு சரி. ரீசார்ஜ் இல்லை, கார்டு இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை. தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதியின் சேவை இது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள், பிறகுதான் ஃப்ரீ டிஷ் என்று பெயர் மாறியது. சிக்னல் பூட்டுப் போடாமல் வானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது, பிடிக்கத் தெரிந்தவர் பிடித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அவர்களுக்கு என்ன லாபம் என்று அடுத்து கேட்பீர்கள். தனியார் சானல்கள் இதில் இடம் பிடிக்க ஏலத்தில் பணம் கட்டுகின்றன. நம்மிடம் வாங்காத காசை அவர்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள். இந்த ஏல விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சானல் காணாமல் போகிற கேள்விக்கு இதுதான் பதில்.

சன் டிவி, விஜய் டிவி எல்லாம் வருமா?

வராது. இதைக் கடையிலேயே முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அப்போதே திரும்பிவிடுகிறார்கள், பரவாயில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலானவை இந்தி சானல்கள். தமிழுக்கு நிச்சயமாக நம்பலாம் என்றால் டிடி தமிழ்தான், அதாவது நம் பழைய பொதிகை. 2024 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள். ஏலத்தில் இடம் எடுத்தால் மற்ற தமிழ் சானல்கள் வரும், அடுத்த ஏலத்தில் எடுக்காவிட்டால் போய்விடும்.

அப்படியென்றால் யார் போடுவது? செய்தி, கிரிக்கெட், பள்ளிப் பாடம், வானொலி போதும் என்கிறவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பிஎம் இ-வித்யா பாட சானல்கள் இதில் வருகின்றன. ஆகாசவாணி வானொலியும் டிவி வழியாகவே கேட்கலாம், எஃப்எம் எட்டாத பள்ளத்து வீடுகளில் அதுவே பெரிய விஷயம். எங்கள் அம்மா டிவி படத்தை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் ஓடவிட்டு இஞ்சி தட்டிக்கொண்டிருப்பார். சீரியல் இல்லாமல் முடியாது என்றால் கேபிளோ பணம் கட்டுகிற டிடிஎச்சோதான், இதில் காசைப் போடாதீர்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும், என்னென்ன வாங்கணும்?

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2000 ரூபாய், கேபிள் நீளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். வேண்டியது நான்கே சாமான்: 60 செ.மீ. அல்லது 75 செ.மீ. டிஷ், அதன் கை நுனியில் மாட்டி சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்புகிற எல்.என்.பி., ஆர்ஜி-6 கேபிள், செட்டாப் பாக்ஸ். எல்.என்.பி. வாங்கும்போது "யுனிவர்சல்" என்று கேளுங்கள், அதன் மேல் 9750/10600 என்று போட்டிருக்கும். பெட்டி எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்புகிற புது முறை) எடுக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று பழைய எம்பெக்-2 பெட்டியை யாராவது தலையில் கட்டினால், எம்பெக்-4 முறையில் வருகிற சானல்களுக்கு அதில் படமே வராது.

கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் 75 அல்லது 90 செ.மீ. டிஷ்ஷே வாங்குங்கள். அங்கே ஜூனிலிருந்து அடிக்கிற மழைக்கு 60 செ.மீ. தாங்காது. நூறு இருநூறு ரூபாயைப் பார்த்துவிட்டு மழைக்காலம் முழுக்க வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுல பழைய டிடிஎச் டிஷ் கூரை மேல சும்மா கிடக்கு, அதையே வெச்சுக்கலாமா?

தாராளமாக. டிஷ் என்பது வளைந்த தகடு, அதற்குக் கம்பெனி தெரியாது. துருப்பிடித்து ஓட்டை விழாமலும், யாராவது மிதித்து நெளியாமலும் இருந்தால் போதும். எல்.என்.பி.யை மட்டும் புதிதாக மேலே சொன்ன யுனிவர்சலாக மாற்றிவிடுங்கள், சில கம்பெனி எல்.என்.பி.க்கள் வேறு அலைவரிசைக் கணக்கில் இருக்கும். பழைய பெட்டி உதவாது. அப்புறம் டிஷ் ஏற்கனவே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட முடியாது, பல கம்பெனிகளுக்கு வானத்தில் இடம் வேறு. பெரும்பாலும் திருப்ப வேண்டியிருக்கும்.

கவர்மெண்ட் குடுத்த பழைய டிவிதான் இருக்கு, அதுல வருமா?

வரும். 2006க்குப் பிறகு கொடுத்த அந்தக் கலர் டிவிகள் இந்தக் குளிரிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. பின்பக்கமோ முன்பக்கமோ மஞ்சள், வெள்ளை, சில டிவிகளில் சிவப்பு என்று ஓட்டைகள் இருக்கும். பெட்டி வாங்கும்போது அதே நிற ஏவி வயர் கூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எச்டிஎம்ஐ மட்டும் இருக்கிற பெட்டியை வாங்கிவிட்டு மறுநாள் மாற்ற வருகிறார்கள்.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பணும்?

தென்கிழக்கு, கொஞ்சம் கிழக்கைப் பார்த்து. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏற்றினார்கள். அது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. நாம் 76, 77 டிகிரியில் இருக்கிறோம், அதனால் நமக்கு அது கிழக்கே தள்ளித் தெரியும். ஊட்டியில் காம்பஸில் 123 டிகிரி, கொடைக்கானலில் 122.

காம்பஸ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஊட்டி டவுனில் இருந்தால் குன்னூர் எந்தத் திசையில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே திசை. கோத்தகிரியிலிருந்து பார்த்தால் அன்னூர்ப் பக்கம். ராத்திரி கீழே சமவெளி விளக்குகள் தெரியும்போது மேட்டுப்பாளையம் வெளிச்சத்துக்கு இடது கைப் பக்கமாக. கொடைக்கானலில் வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில். மொபைல் காம்பஸைத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், முள் கன்னாபின்னா என்று ஆடும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

உயரக் கோணம் ஊட்டியில் 66 டிகிரி, கொடைக்கானலில் 68. அதாவது நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம். ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்க்கிற மாதிரி தெரியாது, நாற்பது சொச்சம் டிகிரிதான் சாய்ந்திருக்கும். இந்த வகை டிஷ்ஷில் சிக்னல் நேராக வந்து நேராகத் திரும்புவதில்லை, மேலிருந்து சறுக்கி வந்து எல்.என்.பி.யில் விழுகிறது. இது தெரியாமல் டிஷ்ஷை மல்லாக்கப் படுக்க வைத்து மழைத் தண்ணீர் பிடித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் என் தங்கை வீட்டுக்காரர் என்பதால் மேற்கொண்டு சொல்லவில்லை.

எங்க வீட்டுக்கு முன்னாடி பெரிய மலையே நிக்குது. சிக்னல் எப்படிக் கிடைக்கும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பயமும் இதில்தான் அதிகம். பழைய ஆன்டெனா காலத்து ஞாபகம் அது. அப்போது சிக்னல் டவரிலிருந்து தரையோடு தரையாக வரும், நடுவில் ஒரு மேடு வந்தால் புள்ளி புள்ளியாக விழும். கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டு தென் மாவட்டமே டிவி பார்த்தது அப்படித்தான். இப்போது சிக்னல் மேலேயிருந்து 66 டிகிரியில் இறங்குகிறது. உங்கள் வீட்டுக்கு எதிர்ச் சரிவு அதைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் மறைக்கும். அப்படி ஒரு பாறைச் சுவரின் அடியில் யாரும் வீடு கட்டுவதில்லை.

மலை மறைக்காது, மரம்தான் மறைக்கும். ஒரு சுலபக் கணக்கு சொல்கிறேன். டிஷ் இருக்கும் மட்டத்துக்கு மேலே மரம் எவ்வளவு உயரமோ, அதில் பாதித் தூரம் தள்ளி இருந்தால் போதும். டிஷ்ஷுக்கு மேலே 10 மீட்டர் நிற்கிற சில்வர் ஓக் என்றால் 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளை விரிந்திருந்தால் தண்டை விட்டுவிட்டுக் கிளை நுனியிலிருந்து அளக்க வேண்டும். கற்பூர மரமும் சீகை மரமும் காற்றில் நன்றாக ஆடும், அவற்றுக்கு இன்னும் ஒரு மீட்டர் கூட விடுங்கள்.

நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. என் வீட்டுப் பின்னால் எஸ்டேட் எல்லை. டிஷ் வைத்த சமயத்தில்தான் தேயிலைக்கு நிழல் மரமாக நிற்கிற சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழித்து மொட்டைக் கம்பமாக விட்டிருந்தார்கள். வானம் திறந்து கிடந்தது, படம் கண்ணாடி மாதிரி. எட்டு மாதம் கழித்துக் காற்று அடிக்கும்போதெல்லாம் படம் சதுரம் சதுரமாக உடைய ஆரம்பித்தது. பெட்டியை மாற்றினேன், எல்.என்.பி.யை மாற்றினேன், கேபிளைக்கூட மாற்றினேன். கடையில் சாமான் இருக்கிற கொழுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஷ் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, புதுக் கிளை ஒன்று வந்து போய்க்கொண்டிருக்கிறது. டிஷ்ஷை இரண்டடி இந்தப் பக்கம் நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

இடம் சரிதானா என்று பார்க்கச் சூரியனையே கேட்கலாம். வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச் 15 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும், நம் ஊரிலிருந்து பார்க்கும்போது சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். மார்ச்சில் காலை 11:15 வாக்கில், செப்டம்பரில் 11 மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பாக. அந்த நேரத்தில் டிஷ் வைக்க நினைக்கிற இடத்தில் வெயில் விழுகிறதா, மர நிழல் விழுகிறதா என்று பாருங்கள். வெயில் என்றால் சிக்னல் உண்டு. நிழல் என்றால் அந்த இடம் வேண்டாம். இதற்கு மேல் ஒரு மீட்டரும் தேவையில்லை.

ஸ்ட்ரெந்த் 90 காட்டுது, குவாலிட்டி பூஜ்யம். பெட்டி கெட்டுப்போச்சா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்ட்ரெந்த் என்பது எல்.என்.பி.க்குக் கரண்ட் போய்க் கேபிளில் ஏதோ சத்தம் வருகிறது என்பதற்கு அடையாளம், டிஷ்ஷைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் அது காட்டும். குவாலிட்டிதான் சரியான செயற்கைக்கோளைப் பிடித்தோமா என்று சொல்கிறது. அதை மட்டும் பாருங்கள்.

பெட்டியில் ஜிசாட்-15 என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து, அதிர்வெண் 11090, துருவம் (போலரைசேஷன்) செங்குத்து (V), சிம்பல் ரேட் 29500 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷின் சாய்வை மேலே சொன்ன நாற்பது சொச்சம் டிகிரிக் கணக்கில் வைத்துவிட்டு இடவலமாக விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று வினாடி நிற்க வேண்டும், பெட்டி சிக்னலைப் புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வையே மூன்று டிகிரி அகலம்தான், சர்ரென்று திருப்பினால் தாண்டிப் போய்விடும். கூரை மேல் ஒருவர், டிவி முன்னால் ஒருவர் என்று "வந்துச்சா?" "வரல!" "இப்ப?" "வந்துச்சு, போயிடுச்சு!" என்று கத்திக்கொள்வது நம் ஊர் வழக்கம். டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாலே பாதிச் சண்டை குறையும்.

குவாலிட்டி வருது, ஆனா 30க்கு மேல ஏறவே மாட்டேங்குது. திசை சரியாத்தான் இருக்கு.

எல்.என்.பி.யை நேராக நிமிர்த்தி வைத்திருப்பீர்கள். பெட்டியில் வருகிற படத்தில் அப்படித்தான் இருக்கும், ஆனால் நம் ஊருக்கு அது பொருந்தாது. செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் கிழக்கே தள்ளி இருப்பதால், அங்கிருந்து செங்குத்தாக வருகிற அலை இங்கே சாய்ந்து வந்து சேர்கிறது. ஊட்டிக்குக் கணக்குப் போட்டால் சாய்வு ஏறத்தாழ 55 டிகிரி, அதாவது பாதிக்கும் மேல். டிஷ்ஷின் முதுகுப் பக்கம் நின்று வானத்தைப் பார்த்தால் எல்.என்.பி.யின் தலை இடது பக்கம் சாய வேண்டும்.

கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பிடிப்பானின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, குழாயைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், குவாலிட்டி எங்கே உச்சமோ அங்கே இறுக்குங்கள். 30 என்று நின்றது சட்டென்று 70க்குப் போகும். கடைசியாக ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள், நெயில் பாலிஷ் நன்றாக நிற்கும்.

மிஸ்ட் இறங்கினா படம் போயிடுமா? எங்க ஊர்ல பாதி நாள் மிஸ்ட்தான்.

போகாது. பத்தடி தூரத்தில் நிற்கிற மாடு தெரியாத மிஸ்ட்டிலும் படம் வரும். இந்த அலையின் நீளம் இரண்டே முக்கால் செ.மீ. அளவு. மிஸ்ட்டில் மிதக்கிற நீர்த்துளி கண்ணுக்கே தெரியாத பொடி, அதை இந்த அலை கண்டுகொள்வதில்லை. மழைத்துளி பல மில்லிமீட்டர் வரை இருக்கும், அதுதான் சிக்னலைக் குடிக்கிறது.

பெருமழைக்குப் படம் போகும், அதற்கு மருந்து கிடையாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்த டிஷ்ஷும் நிற்காது, நாமே நிற்க முடியவில்லை. சாதாரணக் கனமழைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போய்விட்டு வரும். கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இது அதிகம், கூடலூரில் ஆடிக்கு அதிகம். தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை, போன இரண்டு பதில்களுக்குத் திரும்பப் போங்கள்.

மழை விட்டு ரெண்டு நாளாச்சு. வெயிலே அடிக்குது, இன்னும் படம் வரல.

எல்.என்.பி.யும் கேபிளும் சேருகிற இடத்தில் தண்ணீர் போயிருக்கும். கட்டபெட்டு பக்கம் ஒரு அக்கா வீட்டில் போய்ப் பார்த்தேன். மரையைக் கழற்றியதும் உள்ளே செம்புக் கம்பி பச்சையாகப் பூத்து, இழுத்ததும் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அது மழையைத் தடுப்பதற்குப் பதில் உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேபிளை இரண்டு அங்குலம் வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் என்று கேட்டால் கிடைக்கும், அதை இழுத்து இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்புறம் கேபிள் வீட்டுக்குள் நுழைகிற ஓட்டைக்கு முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், இல்லாவிட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டே நேராகப் பெட்டிக்குள் வந்து இறங்கும்.

நேத்து வரைக்கும் வந்த சானல் இன்னிக்கு இல்ல. யாராவது பிளாக் பண்ணிட்டாங்களா?

முதல் பதிலில் சொன்ன ஏலம்தான். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று இடம் ஒதுக்குகிறார்கள், அதனால் ஏப்ரல் பிறந்ததும் சானல்கள் கூட்டமாக மாறும். ரிமோட்டில் மெனு போய் ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள், புதிதாக வந்தது சேரும், போனது போகும். நடுவிலும் அவ்வப்போது மாற்றம் வரும், மாதம் ஒரு தடவை ஸ்கேன் கொடுத்தால் நல்லது. இதற்காக ஆளை வரச்சொல்லி இருநூறு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மார்ச் மாசம் தெனமும் பதினோரு மணி வாக்குல படம் போகுதே, அது எப்படி?

மலைக் கேள்விக்குச் சொன்ன அதே சூரியன். செயற்கைக்கோளுக்குப் பின்னால் அது வந்து நிற்கும்போது அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடுகிறது. சில நாட்களுக்கு, தினம் சில நிமிஷம். தானே சரியாகிவிடும், டிஷ்ஷைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் போய் டிஷ்ஷைப் பார்த்தால், எல்.என்.பி. மூடியின் மேல் வெளிச்சம் குவிந்து விழும். திசை அச்சாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

லயன்ல நாலு வீடு. ஒரே டிஷ் போதுமா?

லயன் என்றால் எஸ்டேட்டில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள். அதற்கு டிஷ் ஒன்று போதும், எல்.என்.பி. மாற வேண்டும். நான்கு வாய் உள்ள எல்.என்.பி. கிடைக்கிறது, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு வீட்டுக்குத் தனிக் கேபிள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பெட்டி. அவரவர் விரும்பிய சானலைப் பார்க்கலாம். கேபிள் டிவிக்குப் போடுகிற பிளவு டப்பாவை (ஸ்ப்ளிட்டர்) வாங்கிப் பிரிக்காதீர்கள். பெட்டிதான் எல்.என்.பி.க்குக் கரண்ட் அனுப்புகிறது, அந்த டப்பா பல நேரம் அதை விடாது, விட்டாலும் ஒரு வீட்டுப் பெட்டி இன்னொரு வீட்டுப் பெட்டியோடு மோதும். கேபிள் 30 மீட்டருக்குள் இருக்கட்டும். டிஷ்ஷைக் கடைசி வீட்டுக் கூரையில் வைக்காமல் நடுவில் வைத்தால் எல்லோருக்கும் சமமாக வரும், பேச்சும் வராது.

குரங்குத் தொல்லைக்கு என்ன பண்றது? இடி வேற பயமா இருக்கு.

குரங்குக்கு டிஷ் என்றால் ஊஞ்சல். சுவரில் இரண்டு போல்ட்டில் தொங்குகிற டிஷ் ஒரு வாரம் தாங்காது. ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட்டில் ஊன்றி அதில் மாட்டுங்கள். தரையில் ஊன்றுவதாக இருந்தால் வேலிக்கு உள்ளே ஊன்றுங்கள், காட்டெருமை முதுகு சொறியத் தேர்ந்தெடுக்கிற கம்பம் எப்போதும் நம் கம்பமாகத்தான் இருக்கும். முட்கம்பி சுற்றுவதெல்லாம் வேண்டாம், குரங்குக்கு முன்னால் நம் கைதான் கிழியும்.

இடிக்கு, பைப்பிலிருந்து எர்த் கம்பி இறக்குங்கள். வானம் இருட்டும்போது பெட்டியின் பிளக்கையும் பிடுங்குங்கள், டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். பலர் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள், இடி வருவது கேபிள் வழியாகவும்தான். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்குப் பிறகு கடைக்கு வருகிற கருகின பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த ரகம்.

கேபிள்ல டிடி போட்டா மேட்ச் வரல, ஃப்ரீ டிஷ் வீட்ல மட்டும் ஓடுது. என்ன கணக்கு?

சட்டக் கணக்கு. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் சிக்னலைத் தனியார் கம்பெனி பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்ததைத் தூர்தர்ஷன் தன் சொந்த டவரிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளிலும் மற்ற டிடிஎச்சிலும் போகக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் கேபிளில் அதே டிடி சானலில் வேறு ஏதோ ஓடும். எல்லா மேட்ச்சும் வராது, ஐபிஎல் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வருகிற மேட்ச்சில் ஒரு சுகம் உண்டு: மொபைலில் பார்க்கிறவர்களுக்குப் படம் தாமதமாகப் போவதால், விக்கெட் விழுந்ததும் முதலில் கத்துகிற வீடு உங்கள் வீடாக இருக்கும்.

ஆறடி டிஷ் போட்டா தமிழ் சானல் நெறைய வருமாமே?

வரும், ஆனால் அது வேறு உலகம். கேபிள்காரர்கள் வாங்குகிற சி-பேண்ட் சிக்னல் அது. அதில் பூட்டில்லாத தமிழ்ச் செய்தி, பக்தி சானல்கள் பல உண்டு. சன், விஜய் மாதிரி கட்டணச் சானல்கள் அங்கேயும் பூட்டோடுதான் இருக்கும். ஆறடியிலிருந்து எட்டடி வரை டிஷ், அதற்குத் தனி எல்.என்.பி., எம்பெக்-4 எடுக்கிற பெட்டி. சானல்கள் ஒரே செயற்கைக்கோளில் இல்லை. 83 டிகிரியில் ஜிசாட்-30 ஒன்று, 66 டிகிரியில் இன்டெல்சாட்-17 இன்னொன்று. ஊட்டியிலிருந்து முன்னது தென்-தென்கிழக்கில் 151 டிகிரி, பின்னது தென்மேற்கில் 224 டிகிரி. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு டிஷ், இல்லாவிட்டால் திரும்புகிற மோட்டார். மழைக்கு இது அசையாது, அது இதன் பெரிய பலம். ஆனால் மலைக் காற்றுக்கு ஆறடித் தகடு பாய்மரம் மாதிரி, அடித்தளம் சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழும். வலை டிஷ் என்றால் காற்று கொஞ்சம் ஊடுருவிப் போகும்.

சி-பேண்ட் வைத்திருக்கிற சிலர், பக்கத்தில் 5ஜி டவர் வந்த பிறகு எல்லாம் போச்சு என்கிறார்கள். உண்மைதான். இந்த சிக்னல் 3700 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் வரை. 5ஜிக்கு 3300 முதல் 3670 வரை கொடுத்திருக்கிறார்கள், கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. பழைய எல்.என்.பி. இரண்டையும் சேர்த்து விழுங்கித் திணறிவிடுகிறது. 5ஜி ஃபில்டர் உள்ள எல்.என்.பி. என்று கேட்டு வாங்கி மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஃப்ரீ டிஷ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது வேறு அலைவரிசை.

வருஷத்துக்கு முந்நூறு ரூபா குடுத்தா இன்டர்நெட் மூலமா எல்லா சானலும் திறந்து தர்றாங்களாமே?

திருட்டு. நான் செய்து தருவதில்லை, என்னிடம் கேட்காதீர்கள்.

திருப்பூருக்குக் குடிபோறேன். கழட்டி எடுத்துட்டுப் போய் அங்க போட்டா வருமா?

வரும். திருப்பூருக்கும் நமக்கும் கோணத்தில் ஒரு டிகிரி அளவுதான் வித்தியாசம். கழற்றும்போது உயரக் கோணத் திருகைத் தளர்த்தாமல், பைப்பைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பை மட்டும் கழற்றி அப்படியே தூக்குங்கள். எல்.என்.பி.யின் சாய்வு அப்படியே இருக்கட்டும், நெயில் பாலிஷ் கோடு போடாதவர்கள் இப்போதாவது போடுங்கள். அங்கே பைப்பைத் தூக்குக்குண்டு வைத்து நேராக ஊன்றி, டிஷ்ஷை மாட்டி, தென்கிழக்கே இடவலமாகத் துழாவினால் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். கேபிளை மட்டும் புதிதாக வாங்குங்கள், இங்கே ஈரத்தில் இரண்டு வருஷம் கிடந்த கேபிளை லாரியில் ஏற்றுவது வண்டி வாடகைக்கு நஷ்டம்.